ஓவனில் வைத்த காலிஃப்ளவர் சரியாக வரவில்லையா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

மாமாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் வாரத்துக்கு மூன்று ராத்திரி காலிஃப்ளவர்தான். எண்ணெயில் பொரிப்பதில்லை, ஓடிஜியில், அதாவது கரண்டில் ஓடுகிற சின்ன ஓவனில் வைத்து எடுக்கிறேன். நான் செய்வதைப் பார்த்துத் தென்காசியில் மைனி ஒன்று வாங்கினாள், அம்பாசமுத்திரத்தில் சித்தி ஒன்று வாங்கினாள், அப்புறம் பிடித்துக்கொண்டது. சாயங்காலம் ஏழரை மணிக்கு போன் அடித்தால் எடுக்கும்போதே தெரியும். "ஏட்டி, பூ தண்ணி விட்டுக் கெடக்கு, இப்ப என்ன செய்ய?" அல்லது "மேல கருகிட்டு, உள்ள பச்சையா இருக்கு." ஐந்து வருடமாக ஒரே பத்துப் பன்னிரண்டு கோளாறுதான் மாறி மாறி வருகிறது. அதை எல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன். உங்கள் ட்ரேயில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். காசு செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், செலவு வைக்கிற காரணம் கடைசியில் இருக்கும்.

நான் வைத்திருக்கும் அளவைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான். ஒரு கிலோ பூ வாங்கினால் இலை, அடித்தண்டு போக ஏறத்தாழ அரைக் கிலோ தேறும். அதற்கு ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய். எலுமிச்சம்பழ அளவுத் துண்டு. நடுத்தட்டு, மேல் ராடு கீழ் ராடு இரண்டும், 210 டிகிரி, 25 முதல் 30 நிமிடம், பாதியில் ஒருமுறை திருப்பிவிடுவது.

## ஓவனைத் தொட்டால் சுர்ரென்கிறது, அல்லது போட்டதும் டிரிப்பர் விழுகிறது

இதை முதலில் வைத்ததற்குக் காரணம், இதில் வரிசையாகச் சோதிக்கிற வேலையே கிடையாது. மெயின் பாக்ஸில் அந்த லைனை அணையுங்கள், அப்புறம் பிளக்கைப் பிடுங்குங்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். செருப்புப் போட்டுக்கொண்டு தொட்டால் தெரியவில்லை என்று சிலர் அப்படியே ஓட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், பிள்ளைகள் நடமாடுகிற அடுக்களை.

ஷாக் இல்லை, டிரிப்பர் மட்டும் விழுகிறது என்றால் ஒரே ஒரு சோதனை செய்யலாம். கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஓவனை மட்டும் போட்டுப் பாருங்கள். விழவில்லை என்றால் லோடு கூடியதுதான் காரணம். திரும்பவும் விழுந்தால் நிறுத்திவிடுங்கள். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் சும்மா கிடந்த ஓவனில் ராடு ஈரம் இழுத்து இப்படி ஆவதுண்டு, ஆனால் அதை மெக்கானிக் பார்த்துச் சொல்லட்டும். மைக்ரோவேவ் என்றால் மூடியைக் கழற்றவே கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைத் தூக்கியடிக்கிற அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

## பொரியாமல் அவிந்துபோய்க் கிடக்கிறது

வருகிற போனில் பாதி இதற்குத்தான். பத்தில் ஒன்பது தடவை காரணம் ஓவன் இல்லை, ஈரம்.

நாம் புழுவுக்குப் பயந்து காலிஃப்ளவரைக் கொதிக்கிற மஞ்சள் தண்ணீரில் போட்டு, வடிகட்டி, அந்தச் சூட்டோடு மசாலா பிரட்டிவிடுகிறோம். குழம்புக்கு அது பொருந்தும், மாவில் முக்கி எண்ணெயில் போடுவதற்கும் பரவாயில்லை. ஓவனுக்கு ஆகவே ஆகாது. காலிஃப்ளவரில் 100 கிராமுக்கு 92 கிராம் தண்ணீர்தான், அதற்கு மேல் நாமும் ஊற்றிக் குடிக்கவைத்தால் அரை மணி நேரம் அந்தத் தண்ணீரை வற்றவைப்பதிலேயே ஓவன் சூடு போய்விடும், பூ சிவக்க நேரம் கிடைக்காது.

என் வழி இது. காலையிலேயே பெரிய பெரிய கொத்தாகப் பிரித்து, கை பொறுக்கிற சூட்டில் உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் பூ கீழே, தண்டு மேலே இருக்கும்படி கவிழ்த்துப் பத்து நிமிடம். எடுத்து நல்ல தண்ணீரில் அலசி, தண்டைப் பிடித்து நான்கு உதறு உதறி, பழைய வேட்டித் துணியில் கவிழ்த்து ஃபேனுக்குக் கீழே ஒரு மணி நேரம். அப்புறம் மூடாமல் ஃப்ரிட்ஜில். சாயங்காலம் ஒரு கொத்தை எடுத்துக் காய்ந்த துணியில் பூப்பக்கம் படும்படி அழுத்திவைத்து அறுபது எண்ணுங்கள். எடுத்தால் துணியில் ஈர வட்டம் விழுந்திருக்கக் கூடாது. வட்டம் தெரிந்தால் இன்னும் அரை மணி ஃபேன். இந்த ஒரு சோதனையைப் பழகிவிட்டால் இந்தத் தலைப்புக்கு நீங்கள் திரும்ப வர வேண்டியதிருக்காது.

துணி காய்ந்திருக்கிறது, ஆனாலும் அவிகிறது என்றால் உப்பைப் பாருங்கள். உப்புப் போட்டு அரை மணி ஊறவைத்தால் பூ தானே தண்ணீர் விடும். எண்ணெய் முதலில், உப்பு ஓவனுக்குள் தள்ளுவதற்கு முந்திய நிமிடம்.

உப்பும் சரியென்றால் ட்ரே. ஐந்து பேருக்கு ஒரே தடவையில் முடித்துவிட வேண்டும் என்று ஒன்றின்மேல் ஒன்றாகக் குவித்திருப்பீர்கள். ஒரு கொத்துக்கும் அடுத்த கொத்துக்கும் நடுவில் ஒரு விரல் போக வேண்டும். 30 லிட்டர் ஓவன் ட்ரேயில் அரைக் கிலோதான் நிம்மதியாகப் பரவும். கேக் பாத்திரம் மாதிரி உயரமான விளிம்பு இருந்தால் ஆவி உள்ளேயே சுற்றும், தாழ்ந்த ட்ரே வேண்டும்.

அடுத்து முன்சூடு. உள்ளே பத்துப் பதினைந்து நிமிடம் வெறுமனே சூடேறிய பிறகுதான் பூ போக வேண்டும். கரண்ட் பில்லை நினைத்துச் சித்தி இதைத்தான் விட்டுவிடுவாள். குளிர்ந்த ஓவனில் வைத்த பூ முதல் பத்து நிமிடம் அவிகிறது, அவ்வளவுதான் விஷயம்.

மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் சூடான காற்று சுற்றுகிற கன்வெக்‌ஷன் மோடில் இருக்கிறதா என்று பாருங்கள். சாதா மைக்ரோ மோடில் எத்தனை நிமிடம் வைத்தாலும் வேகும், சிவக்காது.

இன்று ராத்திரி ஏற்கெனவே அவிந்துவிட்டது, எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள் என்றால், ட்ரேயில் நிற்கிற தண்ணீரை வடித்துவிட்டு பாதிப் பூவை வெளியே எடுத்துவையுங்கள். மீதியை மேல்தட்டில் 230 டிகிரியில் ஏழெட்டு நிமிடம். அப்புறம் மற்ற பாதி. மொறுமொறுப்பு முழுசாக வராது, ஆனால் ஓரம் சிவந்து சாப்பிடுகிற மாதிரி ஆகிவிடும்.

## மேலே கருகல், உள்ளே பச்சை

துண்டு பெரிது. எலுமிச்சை அளவைத் தாண்டினால் தண்டைக் குறுக்கே கீறிவிடுங்கள், சூடு உள்ளே போகும். தட்டு மேலே இருந்தால் நடுவுக்கு இறக்குங்கள். அப்புறம் ராடு தேர்வு செய்கிற திருகைப் பாருங்கள், மேல் ராடு மட்டும் போட்டிருப்பீர்கள். பிள்ளைகள் திருகி விளையாடிவிட்டுப் போவது எங்கள் வீட்டில் அடிக்கடி நடக்கும்.

முழுப் பூவாக வைக்கிறவர்களுக்கு இது கட்டாயம் வரும். தயிர் மசாலா பூசி முழுசாக வைத்து மேசையில் வெட்டினால் பார்க்க அழகாக இருக்கும், விருந்தாள் வந்தால் நானும் செய்வேன். அதற்கு முதல் முப்பது நிமிடம் மேலே ஃபாயிலைத் தொளதொளவென்று மூடி 190 டிகிரி, குத்தூசியோ மெல்லிய கத்தியோ அடித்தண்டில் தடையில்லாமல் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு, மூடியை எடுத்து 220 டிகிரியில் பத்து நிமிடம். கத்தி இறங்காமல் மூடியை எடுக்காதீர்கள்.

கருப்பட்டிப் பாகு, தேன், தக்காளி சாஸ் எது பூசினாலும் இனிப்பு முதலில் கருகும். கடைசி ஐந்து நிமிடத்தில் பூசுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் தினமும் கருகுகிறது என்றால் திருகில் 200 என்று வைத்தாலும் உள்ளே அதைவிட ஏறுகிறது. அடுத்த தலைப்பில் சர்க்கரைச் சோதனை இருக்கிறது, செய்து பாருங்கள்.

## அரை மணியில் ஆக வேண்டியது ஒரு மணி நேரம் ஆகிறது

முதலில் பிளக். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். ஓடிஜிக்குப் பெரிய மூன்று பின் பவர் பிளக், அதாவது 16 ஆம்ப்ஸ் பிளக்தான் சரி. 6 ஆம்ப்ஸ் சின்ன பிளக்கில் கன்வர்ஷன் போட்டு மாட்டினால் பிளக் சூடேறி உருகும். பத்து நிமிடம் ஓடிய பிறகு அணைத்துவிட்டு பிளக்கின் பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடென்றால் அன்றைக்கு ஓவன் வேலையை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

பிளக் சரியென்றால் வோல்டேஜ். இதை யாரும் நினைப்பதே இல்லை. கோடையில் சாயங்காலம் ஏழு மணிக்குத் தெரு முழுக்க ஏசி ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால் ராடு கொடுக்கிற சூடு அறுபது சதவீதத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். வீட்டில் ஸ்டெபிலைசர் இருந்தால் அதில் உள்ளே வருகிற வோல்டேஜ் எவ்வளவு என்று காட்டும், அதைப் பாருங்கள். மைனி வீட்டில் மூன்று மாதம் ஓவனைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம், கடைசியில் எண்ணைப் பார்த்தால் 175. மத்தியானம் மூன்று மணிக்கு அதே ஓவனில் அதே பூ இருபத்தெட்டு நிமிடத்தில் சிவந்தது. அவள் இப்போது நாலு மணிக்கே முக்கால்வாசி வேகவைத்து எடுத்துவைத்துவிட்டு, ராத்திரி எட்டு நிமிடம் மட்டும் திரும்பச் சூடேற்றுகிறாள். தினமும் இப்படியென்றால் பக்கத்து வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு ஈபி ஆபீஸில் எழுதிக் கொடுங்கள். ஒரு வீட்டில் மட்டும் குறைகிறது என்றால் வீட்டு ஒயரிங்கில் இருக்கிறது விஷயம்.

வோல்டேஜும் சரி. அப்போது கதவு. ரப்பரோ ஸ்பிரிங்கோ தளர்ந்து கதவு முழுசாக மூடாமல் இருக்கும். ஒரு காகிதத் துண்டைக் கதவில் வைத்து மூடி இழுத்தால் லேசாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், வழுக்கிக்கொண்டு வந்தால் சூடு கசிகிறது. ஓவன் ஆறியிருக்கும்போது செய்யுங்கள்.

இதற்கும் பிறகுதான் ஓவனுக்குள் பார்க்க வேண்டும். சர்க்கரை 186 டிகிரியில் உருகும் என்று வைத்து ஒரு சோதனை இருக்கிறது. ஃபாயிலில் சின்னக் கிண்ணம் மாதிரி மடித்து ஒரு தேக்கரண்டி சர்க்கரை போட்டு நடுத்தட்டில் வையுங்கள். 175 டிகிரி வைத்துப் பதினைந்து நிமிடம், சர்க்கரை அப்படியே வெள்ளையாக இருக்க வேண்டும். அப்புறம் 190 வைத்து இன்னொரு பதினைந்து நிமிடம், இப்போது உருக வேண்டும். 175லேயே உருகினால் ஓவன் கூடுதலாகச் சூடேறுகிறது, 190லும் உருகவில்லை என்றால் குறைவாக ஏறுகிறது. எவ்வளவு வித்தியாசம் என்று துல்லியமாகத் தெரிய ஓவனுக்குள் வைக்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கலாம், சில நூறு ரூபாய்தான். வித்தியாசம் இருபது டிகிரி என்றால் திருகில் கூட்டிக் குறைத்து நீங்களே சரிக்கட்டிக்கொள்ளலாம். ஐம்பது டிகிரி என்றால், அல்லது ஒரு நாள் சரியாகவும் ஒரு நாள் தப்பாகவும் இருந்தால், சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட் போய்விட்டது, மெக்கானிக் வேலை.

## ஒரு பக்கம் மட்டும் சிவக்கிறது

ஒவ்வொரு ஓவனிலும் ஒரு மூலை சூடாக இருக்கும், பாதியில் ட்ரேயை முன்பின்னாகத் திருப்பிவிட்டால் தீர்ந்தது. திருப்பியும் மாறவில்லை என்றால் அடுக்களை விளக்கை அணைத்துவிட்டு, ஓவன் ஓடும்போது கண்ணாடி வழியாகப் பாருங்கள். எல்லா ராடும் ஒன்றுபோல் சிவந்து எரிய வேண்டும். ஒன்று கறுப்பாகவே இருந்தால் அது போய்விட்டது. ராடு மாற்றுவது பெரிய செலவில்லை, ஆனால் நீங்களே திறந்து மாற்றாதீர்கள். மெக்கானிக்கிடம் "சூடு ஆக மாட்டேங்குது" என்று மட்டும் சொல்லாமல் எந்த ராடு எரியவில்லை, ஓவன் எத்தனை வாட்ஸ், என்ன மாடல் என்று போனிலேயே சொல்லிவிட்டால் பொருளோடு வருவார், இரண்டு நடை மிச்சம்.

## பூ பொடிப்பொடியாக உதிர்கிறது

பூவே லூசாக இருந்திருக்கும். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் வருகிற பூ இறுக்கமாக, தயிர்க்கட்டி மாதிரி இருக்கும். சித்திரை வைகாசிச் சூட்டில் வருகிற பூ மேலே அரிசி தூவினது மாதிரி பூத்துப்போய் இருக்கும். திருநெல்வேலியில் நயினார்குளம் மார்க்கெட்டிலோ மகாராஜநகர் உழவர் சந்தையிலோ வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள், அளவுக்கு மேல் கனக்க வேண்டும். தலைப்பக்கம் கட்டைவிரலால் லேசாகத் தடவினால் மணி மணியாக உதிரக் கூடாது. லூசான பூதான் கிடைத்தது என்றால் அதை ஓவனுக்குக் கொண்டுபோகாதீர்கள், துருவிப் புட்டு மாதிரிச் செய்யுங்கள்.

## மசாலா தனியாக, பூ தனியாக நிற்கிறது

ஈரப் பூவில் எண்ணெய் ஒட்டாது, எண்ணெய் ஒட்டாத இடத்தில் பொடி ஒட்டாது. மேலே சொன்ன துணிச் சோதனை முதலில். அப்புறம் எண்ணெயைக் கையால் ஒவ்வொரு கொத்திலும் தேய்க்க வேண்டும், மேலே தெளித்துக் குலுக்கினால் போதாது. கடைசியில் ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவு. வேறு எதுவும் தேவையில்லை.

கடைச் சிவப்பு வரவில்லை என்று பிள்ளைகள் முகத்தைச் சுளித்தால் காஷ்மீர் மிளகாய்த் தூள் போடுங்கள். கலர்ப் பொடி வேண்டவே வேண்டாம். கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கக் கூடாது என்று 2024 மார்ச்சில் கர்நாடக அரசே தடை போட்டது.

## கசக்கிறது

மிளகாய்த் தூளும் பூண்டு விழுதும் அரை மணி நேரம் 210 டிகிரியில் நின்றால் கசக்காமல் என்ன செய்யும்? முதல் இருபது நிமிடம் எண்ணெய், மஞ்சள் துளி, உப்பு மட்டும். பொடி கடைசி ஏழெட்டு நிமிடத்தில்.

எங்கள் வீட்டில் போடுவது எள்ளுப் பொடி. வெறும் சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி கறுப்பு எள், ஒன்று உளுந்து, ஆறு மிளகாய் வத்தல், அரைத் தேக்கரண்டி நல்லமிளகு, ஒரு துண்டு பெருங்காயம், தனித்தனியாக வறுத்து, உப்புச் சேர்த்து, கொரகொரவென்று பொடித்தது. எள் படபடவென்று வெடிக்கத் தொடங்கியதும் இறக்க வேண்டும். வெடித்து அடங்கும்வரை விட்டால் அங்கேயே கசப்பு வந்துவிடும், அதை ஓவன்மேல் பழி போடுவோம்.

பொடி சரி, நேரம் சரி, இன்னும் கசக்கிறது என்றால் எண்ணெயை முகர்ந்து பாருங்கள். நல்லெண்ணெய் பழசாகிச் சிக்கு வாடை அடித்தால் மொத்தமும் போச்சு. அடுக்களை புகைகிறது என்றாலும் எண்ணெய்தான், செக்கு எண்ணெய் 220 டிகிரி தாங்காது. 200க்கு இறக்கி ஐந்து நிமிடம் கூட்டுங்கள்.

## வாடை வீடு முழுக்க அடிக்கிறது

வெட்டி மூடி வைத்த பழைய பூ, அல்லது மிதமான சூட்டில் மூடிவைத்து ரொம்ப நேரம் வேகவிட்டது. அதிகச் சூடு, குறைந்த நேரம், மூடி வேண்டாம். வாங்கிய அன்றோ மறுநாளோ செய்துவிடுங்கள்.

## மஞ்சளோ அழுக்கு நிறமோ ஏறுகிறது

மஞ்சள் தூளே போடாமல் பூ மஞ்சளித்தால் போர்த் தண்ணீர்தான் காரணமாக இருக்கும், உப்புத் தண்ணீரில் அப்படி ஆகும். தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரில் அலசுங்கள், இல்லையென்றால் அரை எலுமிச்சையைப் பிழிந்துகொள்ளுங்கள். இரும்புச் சட்டியில் வைத்துப் பூ கறுத்தால் எவர்சில்வர் ட்ரேக்கு மாறுங்கள். சாப்பிட ஒன்றும் கெடுதல் இல்லை. பூவில் கறுப்புப் புள்ளியும் கொழகொழப்பும் இருந்தால் அது அழுகல், அந்தப் பக்கத்தைத் தாராளமாக வெட்டித் தள்ளுங்கள்.

## தேங்காய்ப் பால் திரிந்து எண்ணெய் மிதக்கிறது

தேங்காய்ப் பாலில் செய்கிற குழம்பான சொதி நம் ஊர்ச் சொத்து. கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைச் சொதியும் இஞ்சித் துவையலும் இல்லாமல் இலை போட மாட்டார்கள். அதே சொதியைக் காலிஃப்ளவர்மேல் ஊற்றி ஓவனில் வைத்து எடுத்தால் இடியாப்பத்துக்கும் சோற்றுக்கும் அப்படி இருக்கும், ஆனால் முதல் நான்கு தடவை எனக்குப் பால் திரிந்து மேலே எண்ணெயும் கீழே தண்ணீருமாகத்தான் வந்தது.

எலுமிச்சையை எப்போது பிழிந்தீர்கள் என்று முதலில் பாருங்கள். ஓவனுக்குள் போவதற்கு முன்பு பிழிந்திருந்தால் திரிந்தே தீரும். அடுப்பில் செய்கிற சொதிக்கும் இறக்கிய பிறகுதான் பிழிகிறோம், இதற்கும் அதேதான்.

அடுத்து, எந்தப் பால்? கெட்டியான முதல் பால் ஓவனுக்குள் போகக் கூடாது. மூன்றாம் பாலும் இரண்டாம் பாலும் உள்ளே, முதல் பால் வெளியே எடுத்த பிறகு மேலே. சூட்டுக்கு அது தானாகக் கலந்துகொள்ளும்.

அப்புறம் பாசிப்பருப்பு. குழைய வேகவைத்து மசித்த பருப்பு கால் கப் அந்தப் பாலில் கலந்தால் பால் பிடித்து நிற்கும். பருப்பு இல்லாமல் செய்கிறவர்கள் ஒரு தேக்கரண்டி அரிசி மாவைக் கரைத்து ஊற்றலாம், ருசி கொஞ்சம் மட்டு. சூடும் முக்கியம், பூவைத் தனியாக 210 டிகிரியில் சிவக்கவைத்து எடுத்துக்கொண்டு, இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்துக் கொதிக்கவைத்த பாலைச் சூடாகவே அதன்மேல் ஊற்றி 170 டிகிரியில் பன்னிரண்டு நிமிடம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த பாலைச் சூடான பூமேல் ஊற்றாதீர்கள்.

திரிந்துவிட்டதா? கொட்டிவிடாதீர்கள், ஒரு தேங்காய் விலை தெரியும்தானே. ஒரு கரண்டி எடுத்து மசித்த பருப்போடு மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றி திரும்ப ஊற்றி மெதுவாகக் கலக்கினால் முக்கால்வாசி சேர்ந்துவிடும். சூடான பாலை மிக்ஸி ஜாரில் மூடி இறுக்கி அடிக்காதீர்கள், ஆறவைத்து அடியுங்கள்.

தேங்காய்ப் பாலில் கொழுப்பு அதிகம் என்பதால் மாமாவுக்கு இதை மாதம் இரண்டு தடவைதான் வைக்கிறேன். ஐந்து பேருக்கு முதல் பால் அரை கப், அதற்கு மேல் இல்லை.

தயிர் மசாலா திரிந்தாலும் ஏறத்தாழ இதே கதைதான். தயிரைத் துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிட்டு, அரை கப்புக்கு ஒரு மேசைக்கரண்டி வறுத்த கடலை மாவு கலந்தால் நிற்கும்.

## எடுக்கும்போது மொறுமொறு, சாப்பிடும்போது தொளதொள

ஹாட்பாக்ஸில் போட்டீர்களா? அதுதான். மூடினால் ஆவி திரும்பப் பூவிலேயே இறங்கும். வீட்டுக்காரர் கடையை அடைத்துவிட்டு வர ஒன்பதரை ஆகும், அவர் பங்கை நான் ஐந்து நிமிடம் குறைவாக வேகவைத்துத் திறந்த தட்டில் வைத்துவிடுவேன். அவர் கை கழுவும்போது உள்ளே தள்ளினால் போதும்.

## சாப்பிட்ட பிறகு வயிறு ஊதுகிறது

காலிஃப்ளவர் சிலருக்கு வாயு. முதல் வாரம் ஆளுக்கு அரைக் கப்புக்கு மேல் போடாதீர்கள், அப்புறம் மெல்லக் கூட்டுங்கள். பெருங்காயம், இஞ்சி, சீரகம் தாராளமாக. அரைவேக்காடாக இருந்தால் வாயு கூடும், தண்டு நன்றாக வெந்திருக்கிறதா என்று பாருங்கள். எட்டரைக்கு முன்னால் சாப்பிடவையுங்கள். இரண்டு வாரம் பூவை நிறுத்தியும் உப்பசம் போகவில்லை, அல்லது வலி, வாந்தி, மலத்தில் ரத்தம், எடை குறைதல் எதுவும் இருந்தால் சமையல் பக்குவம் தேடாமல் டாக்டரிடம் போங்கள்.

## சர்க்கரைக்காரருக்கு நடுச்சாமத்தில் வேர்த்துப் படபடக்கிறது

இதை இந்தக் கட்டுரையிலேயே முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் நடந்தது. காலிஃப்ளவரில் மாவுச்சத்து குறைவு, நல்லதுதானே என்று மாமாவுக்கு ராத்திரிச் சோற்றையும் சப்பாத்தியையும் ஒரேயடியாக நிறுத்திப் பூ மட்டும் ஒரு தட்டுக் கொடுத்தேன். மாத்திரை பழைய அளவிலேயே ஓடியது. மூன்றாம் நாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு அத்தை வந்து கதவைத் தட்டினாள். மாமா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார், பனியன் முதுகோடு ஒட்டிக்கிடந்தது, கை நடுங்குகிறது, கேட்டதற்குப் பதில் சரியாக வரவில்லை. மெஷினில் பார்த்தால் 58.

70க்குக் கீழே என்றால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். மெஷின் இல்லை என்றாலும் அறிகுறி தெரிந்தால் கொடுத்துவிடுங்கள், காத்திருக்காதீர்கள். பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஆள் மயங்கிவிட்டார், விழுங்க முடியவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

மறுநாள் டாக்டரிடம் என்ன சாப்பாடு மாற்றினோம் என்று சொன்னோம், அவர் மாத்திரையை மாற்றி எழுதினார். முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது அது. சோற்றைக் குறைத்துப் பூவை ஏற்றப் போகிறீர்கள், வீட்டில் மாத்திரையோ இன்சுலினோ போடுகிறவர் இருக்கிறார் என்றால் தட்டை மாற்றுவதற்கு முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

## நன்றாகச் சிவந்திருக்கிறது, ஆனால் ஆச்சியால் மெல்ல முடியவில்லை

ஓவனில் ஒரு குறையும் இல்லை, பல்லுக்கு ஏற்ற பக்குவம் வேறு. ஆச்சியின் பங்கைச் சின்னச் சின்னப் பூவாகப் பிரித்து, தண்டைத் தோல் சீவி, தனிக் கிண்ணத்தில் மூன்று கரண்டி தண்ணீர் தெளித்து மூடி, மற்றவர்கள் ட்ரேக்குப் பக்கத்திலேயே வையுங்கள். இருபது நிமிடத்தில் தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் வெண்ணெய் மாதிரி நசுங்க வேண்டும், இல்லையென்றால் இன்னும் ஐந்து நிமிடம். பல்செட் லூசாகி ஈறு புண்ணாகியிருந்தால் பல் டாக்டரிடம் காட்டுங்கள், மெதுவான சாப்பாட்டை மட்டுமே கொடுத்துச் சமாளிக்க வேண்டாம்.

வெந்ததைக் கரண்டியின் முதுகால் மசித்து, இடியாப்பத்தின்மேல் பரப்பி, இரண்டு கரண்டி சொதியை ஊற்றிக் கொடுத்தால் ஆச்சி கிண்ணத்தை வழித்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் ஊத்துளா" என்பாள். அவளுக்கு இஞ்சியைப் பாதியாகக் குறைத்து, எலுமிச்சையைக் கிண்ணத்தில் ஊற்றிய பிறகு நாலு சொட்டு மட்டும் விடுங்கள்.